ஃப்ரிட்ஜ் நின்றால் யாரைக் கூப்பிடுவது? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன சித்திரையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக நிற்கும், கீழ்த்தட்டில் பால் திரிந்துபோகும். போனில் தேடி, முதலில் வந்த நம்பரைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்தார். கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்தார். "கேஸ் போயிருச்சுங்ணா" என்றார். மெஷினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வேலை பார்த்தார், 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பில் இல்லை.

ஒன்பது நாள் ஜம்மென்று ஓடியது. பத்தாம் நாள் பழைய கதை. போன் செய்தால், "வேலந்தாவளம் எல்லை தாண்டி அவ்ளோ தூரம் மறுபடி வரக் கட்டாதுங்ணா, வேணும்னா புதுசா கம்ப்ளெய்ன்ட் போடுங்க."

பிறகு வந்தவர் எங்கள் ஊர் பேக்கரிக்கு வேலை செய்கிறவர். கம்ப்ரசர் பக்கமே போகவில்லை. ஃப்ரீசருக்குள் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே காயில் முழுக்க வெள்ளையாக ஐஸ் அப்பியிருந்தது. ஃபேன் சுற்றினாலும் குளிர்காற்று கீழே இறங்க வழியில்லை. மல்டிமீட்டரை டீஃப்ராஸ்ட் ஹீட்டரின் இரண்டு முனையிலும் வைத்து என்னிடம் காட்டினார்: முள் அசையவில்லை. ஹீட்டர் கட். "ஐஸைக் கரைக்கிற ஹீட்டர் போயிருச்சு. அந்தத் தம்பி மெஷினை ஆஃப் பண்ணி வச்சப்ப ஐஸ் தானா கொஞ்சம் கரைஞ்சிருக்கும், அதான் ஒரு வாரம் ஓடுச்சு" என்றார். ஹீட்டர், சென்சர், கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். முதலில் வந்தவர் நிஜமாகவே கேஸ் ஏற்றினாரா, ஏற்றுவதுபோல் காட்டினாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன். இரண்டாவது தடவை கூப்பிட்டால் வருகிற தூரத்தில், வருகிற மனசோடு இருக்கிறாரா? எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட முக்கியம். நமக்கு மேற்கே சிற்றூர், பாலக்காடு. கிழக்கே கோயம்புத்தூர், பொள்ளாச்சி. நாலு பக்கமும் ஆள் இருப்பதுபோலத் தெரியும். கெட்டுப்போனால்தான் யாருக்கும் நாம் சொந்த ஏரியா இல்லை என்பது புரியும்.

முதலில் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்

மெக்கானிக் வந்து ஒரு ஸ்விட்சைத் தட்டிவிட்டு விசிட் சார்ஜ் வாங்கிக்கொண்டு போனால் அவரைக் குறை சொல்ல முடியாது. மிக்ஸி திடீரென்று நின்றால் அடியில் சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். லோடு அதிகமானால் அது தானாக வெளியே வந்துவிடும். ஐந்து நிமிஷம் ஆறவிட்டு அமுக்கினால் பாதித் தடவை சரியாகிவிடும். கிரைண்டர் மோட்டார் ஓடுகிறது, கல் சுற்றவில்லை என்றால் பெல்ட்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் மெதுவாக ஏறினால் பைப் மாட்டும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும், அதைக் கழற்றிக் கழுவுங்கள். எருத்தேன்பதி, வடகரப்பதிப் பக்கம் போர்த் தண்ணீர் என்றால் மணலும் உப்பும் அதில்தான் போய் உட்காரும். ஃப்ரன்ட் லோடில் தண்ணீர் வெளியேறவில்லை என்றால் கீழே ஒரு சின்னக் கதவுக்குள் ஃபில்டர் இருக்கிறது. நாணயம், ஊக்கு, குழந்தை சாக்ஸ் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். திறக்கும் முன் கீழே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் கொட்டும்.

ஏ.சி. குளிரவில்லையா, முதலில் ஃபில்டர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாசங்களில் வெளி யூனிட்டின் காயிலிலும் புழுதி படிந்துவிடும்.

அடுத்தது வோல்டேஜ். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஸ்டெபிலைசரில் என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 170, 180 என்று ஆடினால் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் சில நிமிஷத்துக்கு ஒரு தரம் "டிக்" என்று விழும். அதற்கு மெக்கானிக் வேண்டாம், கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் 1912-க்குப் புகார் போதும். வோல்டேஜ் சரியாக இருந்தும் அந்த "டிக்" கேட்டால், பழைய மாடல் ஃப்ரிட்ஜ்களில் கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற ரிலேயோ, அதைக் காப்பாற்றுகிற ஓவர்லோடோ போயிருக்க நிறைய வாய்ப்பு. சில நூறு ரூபாய்ச் சாமான். வந்தவர் அதை மாற்றிப் பார்க்காமலே "கம்ப்ரசர் அவுட்" என்றால் அவசரப்படாதீர்கள்.

கை வைக்கக் கூடாதது ஒன்று உண்டு. மைக்ரோவேவ் ஓவனின் மேல்மூடியை வீட்டில் கழற்றவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லுகிற அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

வாரண்டியில் இருக்கிறதா? அப்படியென்றால் பின்கோடுதான் ராஜா

ஆடித் தள்ளுபடிக்குக் கோயம்புத்தூர், ஓணம் ஆஃபருக்குப் பாலக்காடு என்று வாங்குகிறவர்கள் நாம். பெரிய கம்பெனிகளின் வாரண்டி பொதுவாக இந்தியா முழுக்கச் செல்லும். எந்த மாநிலத்துக் கடையில் வாங்கினோம் என்பது பிரச்சினை இல்லை. ஆனால் கம்ப்ளெய்ன்ட் பதிவாகும்போது பின்கோடு 678 என்று தொடங்கினால் அது பாலக்காட்டு சர்வீஸ் சென்டருக்குப் போகும், 641, 642 என்றால் கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்குப் போகும். கடைக்காரர் பில் போடும்போது அவசரத்தில் தன் ஊர்ப் பின்கோடையே அடித்துவிட்டால், ஒரு வருஷம் கழித்து ரிப்பேர் வரும்போது இரண்டு சென்டரும் "எங்க ஏரியா இல்லீங்க" என்று பந்து விளையாடுவார்கள். வாங்குகிற அன்றைக்கே பில்லில் உங்கள் வீட்டு விலாசமும் பின்கோடும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி ஆப்பிலோ வெப்சைட்டிலோ சீரியல் நம்பரைப் பதிவு செய்யும்போதும் அதே விலாசம்தான்.

கடையில் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிற எக்ஸ்டெண்டட் வாரண்டி வேறு சங்கதி. பெரும்பாலும் அது கம்பெனி கொடுப்பது கிடையாது, கடையோ இன்னொரு நிறுவனமோ கொடுப்பது. "இது கேரளா விலாசத்துக்கு வந்து செய்வீங்களா?" என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் "10 வருஷ வாரண்டி" ஸ்டிக்கரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்து வருஷம் கம்ப்ரசர் என்ற ஒரு சாமானுக்கு மட்டும். முதல் வருஷம் தாண்டிவிட்டால் கேஸ், கூலி, வண்டிச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். கம்ப்ரசர் இலவசமாகவே வந்தாலும் கையிலிருந்து சில ஆயிரம் போகும் என்று தெரிந்தே கூப்பிடுங்கள்; வந்தவரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை.

கம்பெனி நம்பரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், வாரண்டி கார்டு, கம்பெனியின் சொந்த வெப்சைட், இந்த மூன்றைத் தவிர வேறெங்கும் தேடாதீர்கள். தேடலில் மேலே வருகிற "கஸ்டமர் கேர்" நம்பர்களில் போலிகள் நிறைய. புகாரைப் பதிவு செய்ய இந்த லிங்கில் 10 ரூபாய் கட்டுங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள் என்றால் அது ரிப்பேர் ஆள் கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

வாரண்டி முடிந்ததா? ஆளைத் தேடுகிற இடம் வேறு

பக்கத்து வீட்டில் கேட்பது வழக்கம். அவர்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ரிப்பேர் வரும், என்ன தெரியும்? ஃப்ரிட்ஜ் நின்றால் அன்றைக்கே பணம் நஷ்டப்படுகிறவர்களிடம் கேளுங்கள். பேக்கரி, ஐஸ்கிரீம் கடை, மீன் கடை, மெடிக்கல் ஷாப், பால் சொசைட்டி. ஒரு நாள் மெஷின் நின்றால் அவர்களுக்குச் சரக்கு போச்சு. ஏமாற்றுகிற ஆளை அவர்கள் இரண்டாவது தடவை படியேற விட மாட்டார்கள். வாஷிங் மெஷினுக்கு லாட்ஜ், ஹாஸ்டல், அயர்ன் கடைக்காரர். கிரைண்டருக்கு இட்லி மாவு ஆட்டி விற்கிற அக்காவைவிடப் பெரிய அத்தாரிட்டி கிடையாது.

இன்னொரு இடம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. யார் ஒரிஜினல் சாமான் வாங்குகிறார், யார் இருப்பதிலேயே மலிவானதைக் கேட்கிறார் என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார். "அண்ணா, உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள்.

இரண்டு பெயர் கிடைத்ததும் இருவரையும் சின்ன வேலைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். மிக்ஸி கார்பன் பிரஷ் மாற்றுவது, ஏ.சி. சர்வீஸ் மாதிரி. சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, வேலை முடிந்து தரையைத் துடைத்துவிட்டுப் போகிறாரா என்பது 150 ரூபாய் வேலையிலேயே தெரிந்துவிடும். "நாளைக்கு வர்றேனுங்க" என்பதும் "நாளெ வராம்" என்பதும் இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தம்தான். அந்த நாளை எத்தனை நாள் என்பதைத்தான் எண்ண வேண்டும்.

பாஷை ஒரு தடை என்று நினைக்காதீர்கள். பாலக்காட்டிலிருந்து வருகிற சேட்டனிடம் "தணுப்பில்ல" (குளிர் இல்லை) என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை மெஷினே பேசிவிடும். எங்கள் தெருவில் மலையாளம் மட்டுமே பேசுகிற ஒருவர்தான் ஏ.சி.க்கு எல்லோருடைய முதல் தேர்வு.

போனிலேயே கேட்க வேண்டியவை

மாடல் நம்பரையும் நோயையும் சொல்லுங்கள்: எப்போதிலிருந்து, என்ன சத்தம், திரையில் என்ன எர்ரர் எழுத்து. அதன்பின் விசிட் சார்ஜ் எவ்வளவு, வேலை செய்தால் அதைக் கழிப்பாரா, திரும்ப அதே கோளாறு வந்தால் எத்தனை நாளுக்குள் இலவசமாக வருவார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ஒரு எண்ணைச் சொல்பவரே பாதி தேறிவிட்டார். மெஷினைப் பார்க்காமலே "கேஸ்தானுங்க, மூவாயிரம் ஆகும்" என்பவரை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேஸ் கதை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃப்ரிட்ஜ், ஏ.சி. ரிப்பேரில் அதிகப் பணம் போவது இந்த ஒரு வார்த்தையில்தான்.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சமாச்சாரம் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் சுற்றிச் சுற்றி வரும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது, பஞ்சரை ஒட்டாமல் காற்றடிப்பது.

முறையான வேலை இப்படி நடக்கும். முதலில் ஜாயின்ட்களில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வரும், அங்கே புழுதி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். பிறகு நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை வைத்துக் குமிழி வருகிற இடத்தைப் பிடிப்பார். ஓட்டையைப் பற்றவைப்பார். ஃப்ரிட்ஜ் என்றால், குழாயில் ஈரத்தையும் அழுக்கையும் பிடித்துவைக்கிற ஃபில்டர் டிரையரைப் புதிதாகப் போடுவார். அதன்பின் வாக்குவம் பம்பை மாட்டிக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். இது பத்து நிமிஷ வேலை இல்லை. கடைசியில் தராசு வைத்து, கிராம் கணக்கில் கேஸ் ஏற்றுவார்.

எவ்வளவு கிராம் என்பது உங்கள் மெஷினிலேயே எழுதியிருக்கிறது. ஃப்ரிட்ஜுக்குள்ளோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். இப்போது வருகிற ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற வகைக் கேஸ், பழையதில் ஆர்134ஏ. ஏ.சி.யில் புதியது ஆர்32, கொஞ்சம் பழையது ஆர்410ஏ, ரொம்பப் பழையது ஆர்22. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றக் கூடாது. ஆர்600ஏ தீப்பிடிக்கும் கேஸ். அதைக் கையாளும்போது ஜன்னல், கதவு திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. சமையலறைக்குள் வைத்தே, கேஸை வெளியேற்றாமல் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைக்கிற ஆளைப் பார்த்தால் தயங்காமல் நிறுத்துங்கள்.

ஆகவே "கேஸ் போயிருச்சு" என்று காதில் விழுந்ததும் ஒரே கேள்வி: "எங்கிருந்து போச்சுங்க, காட்டுங்க." இடத்தைக் காட்டினால் வேலையைக் கொடுங்கள். பையில் நைட்ரஜனும் இல்லை, வாக்குவம் பம்பும் இல்லை, ஒரு சின்ன கேன் மட்டும் இருக்கிறது என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேலே ஐஸ் இருந்து கீழே மட்டும் குளிரவில்லை என்றால் எங்கள் வீட்டுக் கதையையும் ஞாபகத்தில் வையுங்கள்.

போர்டைக் கழற்றிக்கொண்டு போனால்

ஐப்பசி மழையில் இடி விழுந்த மறுநாள் பாதி ஊரின் டி.வி., வாஷிங் மெஷின் போர்டுகள் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிடும். பி.சி.பி. என்கிற இந்த எலக்ட்ரானிக் போர்டை ரிப்பேர் செய்கிறவர்கள் பெரிய ஊரில்தான் இருக்கிறார்கள், எடுத்துப் போவதில் தப்பில்லை. ஆனால் போவதற்கு முன் போர்டின் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். மூலையில் பெர்மனென்ட் மார்க்கரால் உங்கள் இனிஷியலைப் போடுங்கள். ஒயர் எது எதில் மாட்டியிருந்தது என்பதற்கு இன்னொரு போட்டோ. ஒரு துண்டுத் தாளில் மெஷின் பெயர், எடுத்த தேதி, அவர் பெயர், போன் நம்பர், கையெழுத்து. நல்ல ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். எங்கள் மெக்கானிக் "நானே மார்க் பண்ணித்தானுங்ணா கொண்டு போவேன், கடையில மாறிப்போயிருது" என்றார்.

போர்டு திரும்பி வந்ததும் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுப்பதாக முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பணம், பழைய சாமான், பில்

கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றினால் கம்பெனி எடுத்துக்கொள்ளும். காசு கொடுத்து மாற்றினால் அது உங்களுடையது. புதுச் சாமானின் அட்டைப் பெட்டியையும் வாங்கி வையுங்கள்.

பில் கேட்கச் சங்கடப்படுவது நம் பழக்கம். பதிவு செய்த சர்வீஸ் சென்டர் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பில் வரும். தனியாள் மெக்கானிக்குக்கு ஜி.எஸ்.டி. இருக்காது, பரவாயில்லை, தேதி, செய்த வேலை, மாற்றிய சாமான், தொகை, எத்தனை நாள் கேரண்டி என்று கைப்பட எழுதிக் கொடுத்தாலே ஆதாரம்தான். அதுவும் முடியாது என்றால் யு.பி.ஐ.யில் பணம் அனுப்பி, "ஃப்ரிட்ஜ் ஹீட்டர் மாற்றியது, 60 நாள் கேரண்டி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போடுங்கள். அவர் "சரிங்க" என்று பதில் போட்டால் போதும்.

பழைய மெஷின் விஷயத்தில் என் கணக்கு இது. எட்டு வருஷம் தாண்டியிருந்து, ரிப்பேர்ச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தொட்டால் மாற்றிவிடுவேன். அம்மாவின் கிரைண்டர் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதற்கு இருபத்திரண்டு வயசு, மூன்று மோட்டார் பார்த்துவிட்டது.

தகராறு வந்தால்

முதலில் போன், அப்புறம் எழுத்தில் வாட்ஸ்அப்போ மெயிலோ: என்ன கோளாறு, எப்போது பார்த்தார், எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும். கம்பெனி சர்வீஸ் என்றால் கம்ப்ளெய்ன்ட் நம்பர் இல்லாமல் போனை வைக்காதீர்கள். வேலை முடியாமலே "முடிந்தது" என்று காட்ட உங்களிடம் ஓ.டி.பி. கேட்பார்கள். வேலை முடிகிற வரை சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் அந்தப் புகார் மூடிவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். பெரிய கம்பெனிகளோடு அவர்களுக்கு நேரடித் தொடர்பு இருப்பதால் பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசி வழி நுகர்வோர் ஆணையம். நம்மைப்போல எல்லையில் இருப்பவர்களுக்கு 2019-ம் வருஷச் சட்டத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. சாமானைக் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். செய்த வேலைக்கு பில் தர மறுப்பதையே இந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்று சொல்கிறது. ஆகவே பில் தராத ஆளிடம் கேட்ட மெசேஜையும் அழிக்காமல் வையுங்கள்.

என் பழைய 2,800 ரூபாய்க்கு நான் எங்கேயும் போகவில்லை. பில்லும் இல்லை, மெசேஜும் இல்லை, அந்த நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லை. பேக்கரி மெக்கானிக்கின் நம்பரை மீட்டர் பாக்ஸ் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன், நான் ஊரில் இல்லாவிட்டாலும் அம்மாவுக்குக் கிடைக்கும்.